மண்பட்டி மாமனார்

என் மாமனார் என்னைப் பார்த்து "நல்லா இருக்கீகளா மாப்ள?" என்று ஒரு தடவைகூடக் கேட்டது கிடையாது. கேட்கவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கே எல்லாம் தெரிந்துவிடும். கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், கையைத் திருப்பி நகத்தைப் பார்ப்பார், "நாக்கைச் செத்த நீட்டுங்க" என்பார். நீட்டிய நாக்கு உள்ளே போவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். மற்ற பெரியவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நம்மிடம் கேட்பார்கள். இவர் நம் உடம்பு எப்படி இருக்கிறது என்று நமக்குச் சொல்லுவார்.

அதையும் வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் பரவாயில்லை. ஒரு தடவை காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவரைச் சந்திக்க நேர்ந்தது. நான் ஆபீஸ் வேலையாகச் சிவகங்கை போவதற்கு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கீழே நின்றுகொண்டு என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்.

"மாப்ளைக்கு ரெண்டு நாளா வயிறு சரியாப் போகலை போலருக்கே."

வரப்பில் நின்று கண்மாய்க் கரைக்கு ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. எனக்கு முன் சீட்டில் எங்கள் ஹெட்கிளார்க்கின் சம்சாரம் இருந்தார். அவர் திரும்பவில்லை, ஆனால் தோள் குலுங்கியது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை மாமா."

"நீங்க இல்லைம்பீக. மூஞ்சி ஆமாங்குதே."

பஸ் கிளம்பியது. சிவகங்கை போய்ச் சேரும் வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போனேன். இதில் கூடுதல் கடுப்பு என்னவென்றால், அவர் சொன்னது உண்மை.

மரியாதையில் ஒரு குறை வைக்கமாட்டார். எங்கள் பக்கம் மாப்பிள்ளை என்றால் வீட்டுக்கு வந்த சாமி மாதிரி. நான் உட்காராமல் அவர் உட்காரமாட்டார். என் எதிரில் காலை நீட்டமாட்டார். "வாங்க", "இருங்க", "மாப்ளைக்குச் சிரமம் இல்லைன்னா" என்பதற்குக் குறைந்து ஒரு சொல் அவர் வாயில் வந்ததில்லை. அதே மரியாதையோடு எனிமா டப்பாவையும் இரண்டு கையாலும் நீட்டுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கோபித்துக்கொண்டு எழுந்து போவது? எனக்கு ஒரு வழியும் தெரிந்ததில்லை.

அவர் வைத்தியர் இல்லை. கண்டரமாணிக்கத்தில் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், உழவு மாடு, இரண்டு கறவை, இவ்வளவுதான் அவர் தொழில். என் கல்யாணத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால் அவருக்குத் தீராத வயிற்றுவலி வந்ததாம். சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி. பாட்டில் பாட்டிலாக மிக்சர் குடித்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் யாரோ ஒரு சொந்தக்காரர் மதுரைப் பக்கம் நடந்த ஒரு இயற்கை வைத்திய முகாமுக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டு வந்தார். அங்கே பட்டினி போட்டார்கள், வயிற்றில் ஈர மண்ணை அப்பினார்கள், தொட்டித் தண்ணீரில் இடுப்பு முழுக உட்கார வைத்தார்கள். வலி போய்விட்டது. போன வலி திரும்பி வரவும் இல்லை. இந்த மனிதரும் பழைய மனிதராகத் திரும்பி வரவில்லை.

அதற்கு அப்புறம் அவருக்கு உலகத்தில் உள்ள நோய் எல்லாம் ஒரே நோய்தான். "உடம்புல அழுக்குச் சேந்துபோச்சு மாப்ள. அது வெளிய போக வழி விடணும். அம்புட்டுத்தான் வைத்தியம்" என்பார். உடம்போடு நிறுத்தவும் மாட்டார். "மனசுல சேர்றதும் அழுக்குத்தான். கோவத்தை முழுங்குனீகன்னா அது நேரா வயித்துல போயி உக்காந்துக்கிரும். எதையும் உள்ள வெக்கக் கூடாது." இதை அவர் சொல்லும்போதெல்லாம், நான் முழுங்கிக்கொண்டிருந்த கோபம் எல்லாம் யாரால் வந்தது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். பக்கத்து ஊரில் ஒரு பெரிய செட்டியார் வீட்டில் பங்காளிகள் பாகம் பிரித்தபோது வேண்டாத சாமான்களை விற்றார்கள். நிலைக்கண்ணாடிக்கும் தேக்கு அலமாரிக்கும் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். என் மாமனார் வாங்கிக்கொண்டு வந்தது ஒரு குளியல் தொட்டி. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்ததாம். வெள்ளை எனாமல் பூசி, நாலு பக்கமும் இரும்பில் புலிக்கால் வைத்தது. மாட்டு வண்டியில் அது ஊருக்குள் வந்தபோது, மாட்டுக்குத் தண்ணி காட்ட வாங்கியிருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மாடும் அப்படித்தான் நினைத்தது. கொட்டகைக்குப் பக்கத்தில் போட்டிருந்ததால், உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போதே கன்றுக்குட்டி வந்து வாய் வைக்கும். நானே அந்தக் கன்றுக்குட்டியோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கிறேன்.

மண்ணுக்கு அவர் பட்ட பாடு தனி. கோடையில் கண்மாய் வற்றியதும் நடுவில் போய் ஆழமாக வெட்டி எடுத்து, காயவைத்து, இடித்து, சலித்து, வீட்டில் இருந்த ஊறுகாய்ச் சாடிகளில் நிரப்பி மூடி வைப்பார். "ஊறுகா போட ஒரு சாடி இல்லை மாப்ள. எல்லாம் மண்ணு" என்று மாமியாரான அத்தை என்னிடம் மெதுவாகச் சொல்லுவார். மாமனாரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

என் தலைதீபாவளியை மட்டும் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். புது மாப்பிள்ளை வருகிறார் என்று அத்தை ஒரு வாரமாக அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை என்று கேள்வி. அதிரசம், முறுக்கு, கந்தரப்பம், சீயம். கறிக்கும் சொல்லி வைத்திருந்தது. முதல் நாள் சாயங்காலம் நானும் மனைவியும் போய் இறங்கினோம். மாமனார் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நாக்கைச் செத்த நீட்டுங்க மாப்ள."

எனக்கு அப்போது அவரைத் தெரியாது. ஏதோ இந்த ஊர் வழக்கம்போல என்று நினைத்து நீட்டிவிட்டேன்.

"வெள்ளையாப் படிஞ்சிருக்கு. நாளைக்கு ஒரு நாள் வயித்துக்கு லீவு விட்டுருவம்."

தமாஷ் செய்கிறார் என்று சிரித்தேன். மறுநாள் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், எனக்கு ஒரு டம்ளர் எலுமிச்சம் சாறும் ஒரு கிண்ணம் முளைகட்டின பாசிப்பயறும் வந்தது. அதுவே அன்றைக்கு முழுச் சாப்பாடு. அப்புறம் கோரைப்பாயில் படுக்கச் சொல்லி, நீளத் துணியில் குழைத்த மண்ணைத் தடவி, என் வயிற்றில் வைத்துக் கட்டினார். ஐப்பசி மாசக் குளிரில் அந்த மண்பட்டி வயிற்றில் விழுந்தபோது நான் போட்ட சத்தத்தை வெளியே வெடிச் சத்தம் என்று நினைத்திருப்பார்கள். அடுப்படியில் கறிக்குழம்பு கொதிக்கிறது. தெருவில் சரம் வெடிக்கிறது. புது மாப்பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் எல்லாம் வாசற்படியில் நின்று, வயிற்றில் சேற்றோடு கிடந்த என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"மாப்ளைக்கு என்ன செய்யிது?"

"ஒண்ணும் செய்யலை. சுத்தம் பண்றேன்" என்று அவர்தான் பதில் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டே இருந்தார், அதையும் சொல்லவேண்டும்.

மத்தியானம் அவர் மாட்டைப் பார்க்கப் போன நேரத்தில் கிணற்றடியில் அத்தை முந்தானையிலிருந்து இரண்டு அதிரசத்தை எடுத்து என் கையில் வைத்தார். "சுருக்கச் சாப்புடுங்க மாப்ள. அவுக வாரதுக்குள்ள வாயைக் கொப்புளிச்சுக்கங்க." அந்த அம்மாளின் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. இப்படி மறைவில் காரியம் செய்து ரொம்பப் பழக்கம்போல இருந்தது.

இதை எல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? எனக்கு ஆபீஸ் சேர்ந்த நாளிலிருந்து புளித்த ஏப்பமும் தலைவலியும் இருந்தது. டீக்கடை வடையும் வேளை கெட்ட காபியும் செய்த வேலை. அவர் தொல்லை தாங்காமல் காபியைக் குறைத்தேன், வாரத்தில் ஒரு வேளை பட்டினி கிடந்தேன், சாயங்காலம் நடந்தேன். இரண்டு மாசத்தில் ஏப்பமும் இல்லை, தலைவலியும் இல்லை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் பார்த்துவிட்டார். அரியக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரரிடம், "இந்தா, மாப்ளைக்கு இப்ப முகம் தெளிஞ்சிருச்சு பாத்தீகளா" என்று ஆரம்பித்து, என் குடல் சரித்திரத்தைப் பாயசம் வரும் வரைக்கும் சொன்னார்.

சரியானால் அவர் வைத்தியம். சரியாகாவிட்டால் நோயாளியின் அவசரம். அதே அரியக்குடியில் ஒரு உறவுக்காரருக்குக் காய்ச்சல் கண்டபோது பட்டினி போடச் சொன்னார். அது டைபாய்டாகப் போய், அவர்கள் பயந்து காரைக்குடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றார் இவர். அந்த உறவுக்காரர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் நாக்கை வாய்க்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொள்ளுவார்.

இருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். எனக்கு ரொம்ப நாள் இது புரியவில்லை. பிறகு கவனித்தேன். டாக்டர் வீட்டில் அரை மணி காத்திருந்தால் அரை நிமிஷம் பார்ப்பார்கள். இவர் வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு அரை நாள் பக்கத்தில் உட்காருவார். பாதத்தைத் தேய்த்துவிடுவார், நெற்றியில் ஈரத்துணி மாற்றுவார், அதையும் இதையும் பேசிக்கொண்டே இருப்பார். நோயாளிக்குப் பேச இடம் கொடுக்கமாட்டார் என்பது வேறு விஷயம். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறது என்பதிலேயே பாதிப் பேருக்குப் பாதி சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அவரிடம் ஒரு சான்று இருந்தது. அந்தச் சான்று என் அத்தை.

அத்தைக்கு இளவயசிலிருந்தே மூச்சிழுப்பு. மார்கழி, தை மாசம் வந்தால் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார் என்றும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தான் வளர்ந்ததாகவும் என் மனைவி சொல்லியிருக்கிறாள். முகாமிலிருந்து திரும்பிய மாமனார் முதல் காரியமாக அத்தையைக் கையில் எடுத்தார். தினமும் விடியுமுன் காலுக்குச் சுடுதண்ணீர், மார்புக்கு ஈரத்துணிப் பட்டி, முதுகு தேய்ப்பு, மூச்சை இழுத்து விடும் பயிற்சி. அந்த வருஷ மார்கழியில் இழுப்பு வரவில்லை. அவ்வளவுதான். ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

புதிதாக யார் வந்தாலும், "இங்குட்டு வா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து தூணோரம் நிற்பார்.

"எம்புட்டு வருச இழுப்புன்றீக! உக்காந்தே கெடப்பா. இப்பப் பாருங்க, குடம் தூக்குறா. ஒரு மாத்திரை இல்லை, ஒரு ஊசி இல்லை. எல்லாம் மண்ணும் தண்ணியும்."

வந்தவர்கள் அத்தையை மேலும் கீழும் பார்ப்பார்கள். அத்தை சிரித்துக்கொண்டு நிற்பார். பிறகு உள்ளே போய்விடுவார். இந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அத்தை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அப்போது எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகவும் படவில்லை. எங்கள் வீடுகளில் பெண்களுக்கு வந்த நோயை ஆண்கள் சொல்லுவதுதான் வழக்கம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் மீனாளுக்கு நாலு வயசு முடிந்தபோது, அவளுக்கும் இழுப்பு வந்தது. அம்மாச்சியிடமிருந்து பேத்திக்கு வந்த சொத்து என்றார்கள். காரைக்குடியில் நாங்கள் காட்டிய டாக்டர் கொஞ்சம் முன்கோபி, ஆனால் நல்ல கைராசிக்காரர். மாத்திரை கொடுத்தார், தூசி ஆகாது என்றார். "உதடு கறுத்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, தூக்கிட்டு வந்திருங்க. ஊசி போடணும்" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

விஷயம் கண்டரமாணிக்கத்துக்கு எட்டிய மறுநாளே முதல் பஸ்ஸில் மாமனார் ஒரு பை மண்ணோடு வந்து இறங்கினார். டாக்டர் சொன்னதை எல்லாம் நான் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். "சரிங்க மாப்ள, சரிங்க மாப்ள" என்றார். கேட்டு முடித்துவிட்டு, "மாத்திரை அதை உள்ள வெச்சு அமுக்கிரும். அது வெளிய வரணும்" என்று மண்ணைக் குழைக்க உட்கார்ந்துவிட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அவரையாவது சமாளித்திருப்பேன். என் மனைவியை என்ன செய்வது? "எங்க ஆத்தாளுக்குச் சரியானதை நான் கண்ணால பாத்தேங்க. அப்பா ஒண்ணும் சும்மா சொல்லலை" என்பாள். குடம் தூக்கிக்கொண்டு நிற்கிற அத்தையை நானும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம், ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ என்று.

அந்த வருஷம் பொங்கலுக்கு மனைவியும் மீனாளும் முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு மதுரையில் ஆபீஸ் வேலை முடியவில்லை. மாத்திரையைக் கையோடு கொடுத்து, நூறு தடவை சொல்லித்தான் அனுப்பினேன். மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம்தான் நான் கண்டரமாணிக்கம் போய் இறங்க முடிந்தது. தெருவில் மாடுகள் எல்லாம் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டு நின்றன. வீட்டில் ஒருவரும் இல்லை. கொட்டகைப் பக்கம் பேச்சுக் கேட்டது.

மீனாள் அந்த ரங்கூன் தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பளவு வெந்நீர். மார்பைச் சுற்றி ஈரத்துணி. தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்குகிறது. மாமனார் மண்டிபோட்டு அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுகிற முகத்தோடு நின்றாள்.

"எப்ப இருந்து?"

"விடியக்காலையில இருந்துங்க" என்றாள் மனைவி.

"மாத்திரை?"

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "விட்டுரும் மாப்ள. இந்தா விடப்போகுது. செத்த பொறுங்க" என்றார் மாமனார்.

பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. எனக்கு அதற்கு மேல் கண் தெரியவில்லை. தண்ணீரோடு அள்ளித் தூக்கினேன். தெருக்கோடியில் பெரிய வீட்டில் பொங்கலுக்கு வந்தவர்களின் பிளஷர் கார் நிற்பதை வரும்போது பார்த்திருந்தேன். "ஓடு, அந்த ஆச்சிகிட்டக் காரைக் கேளு" என்று மனைவியிடம் கத்தினேன். அவள் ஓடினாள்.

மாமனார் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். தடுக்கவில்லை. மாப்பிள்ளையைத் தடுப்பாரா? கையில் ஈரத்துண்டோடு, எப்போதும்போல மரியாதையாகத்தான் நின்றார்.

"அலைச்சல்ல பிள்ளைக்கு இன்னும் கூடிரும் மாப்ள. சொன்னாக் கேளுங்க. உங்க அத்தைக்கும் இப்படித்தான் கூடுச்சு, கூடி விட்டுருச்சு. பத்து வருசமா..."

"விடலை."

அத்தை. கொட்டகை ஓரத்தில் நின்றிருந்தார். அவர் அங்கே இருப்பதையே நான் அதுவரைக்கும் பார்க்கவில்லை.

"எனக்கு விடலை. முத வருசம் நெசமாவே விட்டுச்சு. மறு வருசம் திரும்ப வந்துருச்சு. அதுக்குள்ள நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீக."

மாமனார் திரும்பினார். "என்ன சொல்ற?"

"வருசா வருசம் இழுக்கத்தான் செய்யிது. வரப்போகுதுன்னு தெரிஞ்சா வைக்கப்படப்புக்குப் பின்னாடி போயி நின்னுக்கிருவேன். அடங்கினப்புறம் வருவேன். பிள்ளைய விடுங்க. மாப்ள கொண்டு போகட்டும்."

இழுப்புக்காரர்களுக்கு வைக்கோல் தூசியைவிட மோசமானது வேறு இல்லை என்று டாக்டர் எங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். இந்த அம்மாள் ஒளிந்துகொள்ளத் தேடிப் பிடித்த இடம் அது. எனக்கு ஆத்திரமா, அழுகையா என்று தெரியவில்லை. யார்மேல் ஆத்திரம் என்றும் தெரியவில்லை.

"ஏன் சொல்லலை?" என்றார் மாமனார். வயலில் கூப்பிடும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ.

"எங்குட்டுச் சொல்ல? ஆளு வர வரக் கூப்புட்டு நிப்பாட்டி, சரியாயிருச்சு சரியாயிருச்சுன்னு நீங்களே சொல்லிக்கிட்டு இருந்தீக. என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

கார் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பின் சீட்டில் ஏறியிருந்த மனைவியின் மடியில் வைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். டிரைவர் காரை எடுக்கப் போனபோது மாமனார் பின்னாலேயே ஓடி வந்து கதவைப் பிடித்தார். இன்னமும் ஏதாவது பேசினால் அடித்தே விடுவேன் என்றுதான் இருந்தது எனக்கு.

"செத்த நிப்பாட்டச் சொல்லுங்க மாப்ள. இவளும் ஏறட்டும்."

"எனக்கு இப்ப என்ன அவசரம்? அடுப்புல போட்டது போட்டபடி கெடக்கு" என்றார் அத்தை.

"ஏறு" என்றார். அத்தை ஏறினார். மாமனார் சட்டைகூடப் போடாமல், அந்த ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வழி நெடுக மீனாளின் மூச்சுச் சத்தம்தான். அத்தை அவள் முதுகை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் என்னிடம் சொல்லுகிற மாதிரி, முன் சீட்டுக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்.

"கல்யாணமான நாள்லருந்து இவுக என்கிட்ட நின்னு பேசுனது கெடையாது மாப்ள. வருவாக, சாப்புடுவாக, போவாக. அந்த மண்ணு வெக்க ஆரம்பிச்சப்பதான் பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுனாக. முதுகு தேச்சு விட்டாக. சரியாகலைன்னு தெரிஞ்சா அந்த மண்ணையே தூக்கி எறிஞ்சிருவாகளோன்னு இருந்துச்சு. அவுக சந்தோசத்துல மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரலை."

என் மனைவி குலுங்கி அழுதாள். முன் சீட்டில் தலை திரும்பவில்லை. எனக்கு அந்தப் பிடரியைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த நேரத்திலும் பாவமாக இருந்ததே என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

பண்டிகை நாளாக இருந்தும் டாக்டர் வீட்டில் இருந்தார். பார்த்த உடனே ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது. அப்புறம் உதட்டில் நிறம் வந்தது. மீனாள் அம்மா தோளில் சாய்ந்து, "ஐயா எங்க?" என்று தாத்தாவைத் தேடிவிட்டுத் தூங்கிப்போனாள். அதற்கு அப்புறம்தான் டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், படித்தவர்தானே என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது.

"மாப்ளைய வையாதீங்க. அவுக ஊர்ல இல்லை. நாந்தான் தண்ணியில உக்கார வெச்சேன். மாத்திரையும் குடுக்கவிடலை."

டாக்டர் அவரை, அந்தத் துண்டை, இடுப்பு வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணை எல்லாம் பார்த்தார். அடித்து நொறுக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ஆசையோடுதான் காத்திருந்தேன்.

"முதுகைத் தேய்ங்க. கால்ல சுடுதண்ணி ஊத்துங்க. பிள்ளைக்குப் பயம் போக மூச்சு விடச் சொல்லிக் குடுங்க. நல்லதுதான், நான் வேண்டாங்கலை" என்றார் டாக்டர். "ஆனா மருந்தை நிறுத்த நீங்க யாரு? இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என்கிட்டக் கொண்டுவர வேண்டிய அவசியமே இருந்திருக்காது."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வெளியே போய், வராந்தா பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "இவளையும் பாருங்க" என்றார்.

அத்தையை ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகில் குழாயை வைத்து டாக்டர் கேட்டார். இங்கே வைத்தார், அங்கே வைத்தார். அவர் முகம் மாறியது. குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எல்லா டாக்டர்களும் செய்வதுபோல அத்தையை விட்டுவிட்டு மாமனாரிடம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா இருக்கு? எப்ப எப்ப வருது?"

மாமனார் வாயைத் திறந்தார். ஊரில் யாருக்கு எந்த உடம்பில் எந்த இடத்தில் என்ன என்று சொல்லத் தெரிந்த மனிதர். அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "அவளைக் கேளுங்க."

அத்தை ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டாக்டரிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.